டர்போ சத்தமும் ஆயில் கசிவும்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ராயக்கோட்டையிலும் கிருஷ்ணகிரியிலும் தக்காளி ஏற்றிக்கொண்டு விடியும் முன் பெங்களூரு கலாசிப்பாளையம் மார்க்கெட்டுக்கு வந்து சேரும் டீசல் பிக்கப் வண்டிகளில் அடிக்கடி வரும் புகார்கள் இரண்டு. “டர்போ கத்துதுண்ணே” என்பது ஒன்று. “டர்போ பக்கம் ஆயில் வடியுது” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கேரேஜில் பல நேரம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “டர்போ போயிடுச்சு, மாத்திடலாம்.” பல ஆயிரம் ரூபாய் செலவு, இரண்டு மூன்று நாள் வாடகை ஓட்டம் நஷ்டம். கழற்றிப் பார்த்தால் ஒரு ஹோஸ் கிழிந்திருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் மண்ணால் அடைத்திருக்கும். டர்போவே உண்மையில் கெட்டிருந்தாலும் அதைக் கெடுத்த காரணம் பெரும்பாலும் வெளியே எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதிய டர்போ மாட்டினால், அதுவும் அதே வழியில் போய்ச் சேரும்.

முதலில் டர்போவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் பெயர் டர்பைன். அதே ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து, அழுத்தி, சூடான அந்தக் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குள் தள்ளுகிறது. அதைக் கம்ப்ரசர் என்கிறோம். லோடு ஏறும்போது இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தைத் தொடும். புகைப் பக்கம் 700 டிகிரி வரை சூடேறும். இந்த வேகத்தில் சாதாரண பால் பேரிங் தாங்காது என்பதால், பெரும்பாலான பிக்கப்களில் ஷாஃப்ட் இரண்டு வெண்கலப் புஷ்களுக்குள், ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. ஆயில் ஒரு நொடி வராவிட்டாலும் உலோகத்தோடு உலோகம் உரசும்.

ஆயில் கசிவைப் புரிந்துகொள்ள இன்னொரு விவரம் முக்கியம். டர்போவின் ஷாஃப்டில் ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான் இருக்கிறது. அது ஆயிலை முழுக்க அடைப்பதில்லை. இரு பக்கச் சக்கர அறைகளிலும் இருக்கும் காற்றழுத்தம் ஆயிலை நடுவிலேயே தடுத்து வைக்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே ஷாஃப்ட் இருக்கும் நடு உடலுக்கு வரும் ஆயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பி என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குப் போகும்போது அழுத்தமே இல்லை, தன் எடையால் தானாகக் கீழே வடிகிறது. அதனால்தான் உள்ளே வரும் குழாய் மெல்லியதாகவும் திரும்பும் குழாய் தடிமனாகவும் இருக்கும். திரும்பும் வழியில் தடை வந்தாலோ, காற்றழுத்தத்தின் சமநிலை கெட்டாலோ, வளையம் புதிதாக இருந்தாலும் ஆயில் வெளியே வரும். கசிவு பற்றிக் கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விவரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சத்தத்தைக் கேட்பது எப்படி

மெல்லிய விசில் சத்தம் ஆக்சிலேட்டரோடு ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் அது டர்போவின் இயல்பான குரல். பெங்களூரு கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு காற்றை என்ஜினுக்குக் கொடுக்க டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றியாக வேண்டும். அங்கே ஓடிய வண்டி இங்கே வந்தபின் விசில் சற்றுத் தூக்கலாகக் கேட்டால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நேற்றுவரை இருந்த சத்தம் இன்று மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சத்தம் வந்தால் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நின்றபடி ரேஸ் செய்தாலும் வருகிறதா, லோடோடு ஏறும்போது மட்டுமா? கூடவே இழுவை குறைந்ததா? புகையின் நிறம் என்ன? மெக்கானிக்கிடம் இந்த நான்கையும் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

“புஸ்ஸ்…” என்று காற்று பீறிடும் சத்தம், அதுவும் ஏற்றத்தில் மட்டும், கூடவே கரும்புகையும் இழுவைக் குறைவும் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டர்கூலர் ஹோஸ். டர்போ அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறுகிறது. என்ஜினுக்குக் காற்று போதாததால் டீசல் சரியாக எரியாமல் கறுப்பாக வருகிறது. நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் செய்தாலும் இது பிடிபடாமல் போகலாம், ஏனென்றால் லோடு இல்லாதபோது டீசல் என்ஜினில் டர்போ அழுத்தம் அதிகம் எழும்பாது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும் சாலையில் ஒன்றரை டன்னோடு வரும்போது மட்டும் கேட்கிறது, கேரேஜ் வாசலில் கேட்கவில்லை என்று டிரைவர்கள் சொல்வது உண்மைதான்.

இந்தச் சோதனைக்கு டார்ச்சும் கையும் போதும். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் இரண்டு ஹோஸ்களின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாத அடியில்தான் இருக்கும். ஆயில் ஊறிய ரப்பர் மெத்தென்று உப்பி, அழுத்தினால் அடுக்கு பிரியும். கிழிசல் இருந்தால் அதைச் சுற்றி ஈரமான கறுப்புக் கோடு விசிறி மாதிரி பரவியிருக்கும், தூசியும் அங்கேயே ஒட்டியிருக்கும். கிளாம்ப் ஹோஸின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா, பட்டை கோணலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குப் படவில்லை என்றால், டர்போவின் நுழைவாயை ஒரு அடாப்டரால் அடைத்து ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரிலிருந்து 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காற்றுக் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை பூசிப் பார்க்கலாம். பஞ்சர் கடை கம்ப்ரசரின் முழு அழுத்தத்தை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், அடைப்பு தெறித்து முகத்தில் அடிக்கும்.

“டிக் டிக்” அல்லது “சப் சப்” என்று குளிர் ஸ்டார்ட்டில் கேட்டு, சூடானதும் குறைந்துபோவது, என்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங்கிலிருந்து வரும் புகைக் கசிவாக இருக்கலாம். இரும்பு சூடேறி விரியும்போது இடைவெளி தானாக மூடிக்கொள்கிறது. இணைப்பில் கரி படிந்த தடம் இருக்கும். போல்ட் உடைந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இதுவும் டர்போவின் இழுவையைக் குறைக்கும், ஏனென்றால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே போய்விடுகிறது.

ஐடிலில் தகரம் அதிர்வது போலக் கேட்டால் முதலில் ஹீட் ஷீல்டைக் கைக்குச் சூடில்லாதபோது அசைத்துப் பாருங்கள். அடுத்து, அழுத்தம் மீறாமல் புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவின் தேய்ந்த புஷ். இது அதிர்ந்து சத்தம் போட்டாலும் சில காலம் வேலை செய்யும். டர்போ முழுதையும் மாற்றச் சொல்ல இது காரணம் ஆகாது.

பெல்ட், டென்ஷனர் புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங் ஆகியவையும் டர்போ மாதிரியே கத்தும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றி 30 விநாடிக்குள் மட்டும் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் டர்போவுக்குச் சம்பந்தமில்லை. வண்டியை அந்த நிலையில் நகர்த்தக் கூடாது: பல பிக்கப்களில் வாட்டர் பம்ப்பும், சிலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப்பும் அந்த பெல்ட்டோடு சேர்ந்துதான் சுற்றும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய சத்தம் ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் ஊளை, அல்லது உலோகம் உலோகத்தைச் சுரண்டும் கீச்சு. சக்கரம் அதன் கூட்டில் உரசுகிறது அல்லது பேலன்ஸ் போய்விட்டது என்று அர்த்தம். கூடவே நீலப்புகையும் வந்தால் வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். “ஓசூர் வரை ஓட்டிப் போயிடலாம்” என்ற நினைப்பே வேண்டாம். உடைந்த சக்கரத் துண்டு இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

ஷாஃப்ட் ஆட்டம் பார்ப்பது

என்ஜினை அணைத்து முழுக்க ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றுங்கள். கம்ப்ரசர் சக்கரம் தெரியும். நடுவிலுள்ள நட்டை இரு விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறக்கைகளின் முன்விளிம்பில் கடித்த தடமோ மழுங்கலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மண் புகுந்திருந்தால் விளிம்பு தேய்ந்து வட்டமாகியிருக்கும், போல்ட் மாதிரி எதாவது புகுந்திருந்தால் நெளிந்திருக்கும்.

இப்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம் ஆடும். இங்கேதான் நல்ல டர்போக்கள் பல தூக்கி எறியப்படுகின்றன. புஷ் ஆயில் மேல் மிதக்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆயில் இல்லாமல் நிற்கும்போது பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஆடுவது பல மாடல்களில் இயல்பு. ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே சுற்றும்போது இறக்கை கூட்டில் உரசினால்தான் கெட்டது. முன்னும் பின்னும் இழுக்கும் ஆட்டம் வேறு கதை. அது விரலுக்குத் தெரியவே கூடாது, பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும். “டக் டக்” என்று முன்பின் நகர்வது தெரிந்தால் அந்த ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது, டர்போ கழன்றாக வேண்டும். சரியான அளவை டயல் கேஜ் வைத்து, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஹோஸ் கழன்றிருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. விரலையோ துணியையோ அது இழுத்துக்கொள்ளும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது

ஆயில் தெரியும் இடமும் ஆயில் கிளம்பும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கிலிருந்து வடிந்த ஆயில் டர்போ மேல் விழுந்து, காற்றடித்துப் பரவி, டர்போவே கசிவது போலக் காட்டும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. ஆறிய என்ஜினில் டர்போ, அதன் குழாய்கள், மேலேயுள்ள கவர் விளிம்பு எல்லாவற்றையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து முழுக்க உலரவிடுங்கள். பிறகு சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். 20 முதல் 30 கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் தொடங்கும் இடம் கறுத்த புள்ளியாகத் துல்லியமாகத் தெரியும். மேலே இருக்கும் ஈரப்புள்ளிதான் ஊற்று. கீழே இருப்பதெல்லாம் வடிந்தது.

அந்தப் புள்ளி மேலே ஆயில் வரும் குழாயின் பான்ஜோ போல்ட்டில், அதாவது ஆயில் நடுவே போகும் துளையுள்ள போல்ட்டில் இருந்தால், இரண்டு செப்பு வாஷர்களை மாற்றினால் போதும். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்குவது வீண், அது ஏற்கனவே நசுங்கிவிட்டது. அடியில் திரும்பும் குழாயின் பேக்கிங்கில் இருந்தால் பேக்கிங்கை மாற்றுங்கள், ஆனால் சிலிகான் பேஸ்ட் பூசாதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் உடைந்து ஆயில் வழியை அடைக்கும். இப்படிச் செத்த டர்போக்கள் ஏராளம்.

ஹோஸ் இணைப்பில் மட்டும் வேர்த்தாற்போல ஈரம் இருந்தால் பெரும்பாலும் டர்போ நிரபராதி. என்ஜினின் ப்ரீதர் ஹோஸ், சம்பில் சேரும் ஆயில் ஆவியை டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் விடுகிறது. அந்த ஆவிதான் கம்ப்ரசர் வழியாகப் போய் ஹோஸ்களிலும் இன்டர்கூலரிலும் படலமாகப் படிகிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஹோஸின் உட்புறம் பளபளப்பாக இருப்பது சகஜம். இன்டர்கூலரைக் கவிழ்த்தால் ஒரு ஸ்பூன் அளவு வந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டினால் மேற்கொண்டு தேட வேண்டும்.

ப்ரீதரா, டர்போவா, இரண்டில் எது காரணம் என்று சந்தேகமில்லாமல் பிரித்துக் காட்டும் ஒரு சோதனை உண்டு. ப்ரீதர் ஹோஸைக் காற்றுக் குழாயிலிருந்து பிடுங்கி, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பாட்டிலுக்குள் விட்டுக் கட்டுங்கள். பாட்டிலைக் காற்றுப் புகாமல் மூடக் கூடாது, சம்பில் அழுத்தம் ஏறிவிடும். காற்றுக் குழாயில் ஹோஸ் இருந்த துளையை ரப்பர் அடைப்பால் மூடுங்கள். டர்போவின் இரு பக்கக் குழாய்களையும் உட்புறம் நன்றாகத் துடைத்துவிட்டு 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். குழாய்கள் உலர்ந்தே இருந்து பாட்டிலில் ஆயில் சேர்ந்திருந்தால் வந்தது ப்ரீதரிலிருந்து. டர்போவுக்கு முன்குழாய் உலர்ந்து, பின்குழாய் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போ கசிகிறது. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகள் சிலவற்றில் இதற்கே எச்சரிக்கை விளக்கு எரியலாம். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடுங்கள்.

ப்ரீதரில் அளவுக்கு மீறி ஆயில் வந்தால் என்ஜினின் பிஸ்டன் ரிங் வழியாகப் புகை சம்புக்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே இடத்தில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக அதிர்வது இயல்பு. துள்ளிக் கீழே விழும் அளவுக்குப் புகை தள்ளினால் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம், அல்லது ப்ரீதர் அடைத்திருக்கலாம். சம்பில் அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து வடிய வேண்டிய ஆயில் இறங்க முடியாமல் நடு உடலிலேயே தேங்கி, வளையத்தைத் தாண்டிப் போகும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் நடப்பது வேறு மாதிரி. டர்போ இழுக்கிறது, காற்று வரவில்லை, கம்ப்ரசர் பக்கம் வெற்றிடம் உண்டாகிறது, ஆயிலை அது உறிஞ்சிக்கொள்கிறது. பீன்யாவின் தொழிற்சாலைத் தூசியிலும் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளிலும் தினமும் சுற்றும் வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் பாதியிலேயே ஃபில்டரைத் திறந்து பாருங்கள். இதனோடு சேர்ந்தது சில்க் போர்டு சந்திப்பு நெரிசல். மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும்போது கம்ப்ரசர் அறையில் ஆயிலைத் தடுத்துவைக்கும் காற்றழுத்தம் அநேகமாக இருக்காது. அந்த நேரத்தில் கொஞ்சம் ஆயில் கசிந்து, நெரிசல் விட்டதும் ஒரு நிமிடம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், அதற்காக டர்போவைக் கழற்ற வேண்டாம். ஓட ஓட நிற்காமல் வந்தால்தான் கவலை.

புகைப் பக்கக் கசிவைப் பார்க்க சைலன்சர் பைப்பை டர்போவிலிருந்து பிரிக்க வேண்டும். டர்பைனின் வெளிவாய் ஈரக்கறுப்பாக இருந்து, உள்வாயும் மேனிஃபோல்டும் உலர்ந்த கரியாக இருந்தால் டர்போ கசிகிறது. உள்வாயே ஈரமாக இருந்தால் ஆயில் என்ஜினிலிருந்து, வால்வு கைடு அல்லது ரிங் வழியாக வருகிறது. அப்போது எத்தனை டர்போ மாற்றினாலும் புகை நிற்காது. பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் இருப்பதால் நீலப்புகை கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அங்கே புகையை நம்பாமல் டிப்ஸ்டிக்கை நம்புங்கள்: வாரம் ஒருமுறை, சமதரையில், என்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

என்ஜின் தானாக ரேஸ் ஆனால்

இதை ஒவ்வொரு டிரைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டர்போ வழியாக நிறைய ஆயில் உள்ளே போனால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் அணையாது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும், பின்னால் வெண்நீலப் புகை மண்டும். உடனே பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறவைத்து நிறுத்துங்கள். அது பலிக்காமல் ஆர்பிஎம் உச்சத்துக்குப் போய்விட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். காற்றுக் குழாயைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உயிர் போகும் வேலை அது.

மாற்றுவது என்று முடிவானால்

பழைய டர்போவின் தகட்டிலுள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடுக்குப் போங்கள். “இதே மாடல்தான், செட் ஆகும்” என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். ஷாஃப்டும் சக்கரங்களும் சேர்ந்த நடு கோர் மட்டும் மாற்றலாம் என்றால், அது பேலன்ஸ் மெஷினில் வைத்துப் பார்த்ததா என்று கேளுங்கள். புகைப் பக்கம் கோணம் மாறும் வேரியபிள் இறக்கை உள்ள டர்போ என்றால் அதன் செட்டிங்கும் மெஷினில் வைத்துச் சரிசெய்ய வேண்டியது, கையால் திருகும் வேலை இல்லை.

மாட்டும் நாளில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிது. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடுதான், பிஎஸ்6 என்றால் சாம்பல் குறைவான ஆயில். ஆயில் வரும் குழாயைக் கழுவி ஊதிவிட்டு மறுபடி போடாமல் புதிதாக வாங்குங்கள், உள்ளே கருகி ஒட்டிய கரி எதைக் கொண்டு கழுவினாலும் முழுக்கப் போகாது. இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றிக் கழுவி, பழைய ஆயிலும் உலோகத் துகளும் இல்லாமல் உலர்த்துங்கள். டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்றிய பிறகே குழாயை இணையுங்கள். டீசல் ஓட்டத்தைத் துண்டித்து வைத்து 10 விநாடி கிராங்க் செய்யுங்கள், ஆயில் விளக்கு அணைய வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

அன்றாட ஓட்டத்தில் ஒரே ஒரு பழக்கம் போதும். லோடோடு ஏற்றம் ஏறி அத்திப்பள்ளி டோலில் நிறுத்தும்போது, அணைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான ஷாஃப்டைச் சுற்றி நின்றுபோன ஆயில் கருகி வழியை அடைக்காமல் இருக்கும். ஊருக்குள் மெதுவாக ஊர்ந்து வந்து நிறுத்தும்போது இது தேவையில்லை, டர்போ ஏற்கனவே ஆறியிருக்கும். புதிய டர்போ 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா கிளாம்புகளையும் மேனிஃபோல்டு நட்டுகளையும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை சரிபார்த்து, டிப்ஸ்டிக் அளவைக் கிலோமீட்டரோடு சேர்த்து நோட்டில் எழுதிவிடுங்கள்.